நமக்குப் பின் நம் பிள்ளைக்கு யார்?

(ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் சிறப்புக் கல்வியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பிள்ளை சத்தம் போட்டால் வெளியே போகாதீர்கள். எழுந்து ஓடினால் ஓடட்டும். அவர்களுக்காகத்தான் இந்தக் கூட்டமே கூட்டப்பட்டிருக்கிறது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பெற்றோர் எதைப் பற்றிப் பேச வந்தாலும், எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று அதைக் கேட்பார்கள். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" மூன்று வயதுப் பிள்ளையின் தாயும் கேட்கிறார், முப்பது வயது மகனின் தகப்பனாரும் கேட்கிறார். இந்தக் கேள்விக்கான ஏற்பாட்டை முதுமையில் உட்கார்ந்து ஒரே நாளில் செய்துவிட முடியாது. முதல் மதிப்பீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு வேலையாகச் செய்து வர வேண்டும். எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

இது யாருடைய குற்றமும் இல்லை

ஆட்டிசம், ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கம், அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு ஆகியவற்றை மருத்துவர்கள் மூளை நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலைகள் என்று ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள். இவை காய்ச்சல் போல வந்து போகும் நோய்கள் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடுகள். பயிற்சியால் பிள்ளை நிறைய முன்னேற முடியும். ஆனாலும் பெரும்பாலானோருக்கு அந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதும் ஏதாவதொரு அளவில் கூடவே இருக்கும்.

தாய் வேலைக்குப் போனதால் இது வரவில்லை. கர்ப்பகாலத்தில் யாரோ கண் வைத்ததாலும் வரவில்லை. தடுப்பூசியாலும் வரவில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை நம்பித் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

துஆ கேளுங்கள், ஓதிப் பாருங்கள், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓதிப் பார்ப்பதற்காக ஊர் ஊராக அலைந்து இரண்டு மூன்று வருடங்களைக் கழித்துவிட்டு, பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். முதல் சில வருடங்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் கொடுக்கும் பயிற்சியின் பலன் அதிகம். துஆவும் நடக்கட்டும், மதிப்பீடும் நடக்கட்டும்.

எப்போது கவனிக்க வேண்டும்?

வீட்டில் வழக்கமாகச் சொல்வார்கள்: "அவன் வாப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு, இவனும் பேசிடுவான்." சில பிள்ளைகள் அப்படிப் பேசியும் விடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்லை. எனவே சில அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, மழலை ஒலி இல்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை, கையசைத்து டாட்டா காட்டவில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வயதில், "பால் வேணும்" என்பது போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். எந்த வயதாக இருந்தாலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால் உடனே காட்ட வேண்டும்.

கற்றல் குறைபாடு இவ்வளவு சீக்கிரம் தெரியாது. எழுதப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், தாளில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறான் என்றால் அவனைச் சோம்பேறி என்று அடிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். ஏடிஹெச்டியைப் பொறுத்தவரை, வீட்டில் மட்டும் துறுதுறுவென்று இருந்தால் போதாது. வீடு, பள்ளிக்கூடம் இரண்டிலும் இருக்க வேண்டும், பல மாதங்கள் தொடர வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அதனால்தான் மருத்துவர் வகுப்பு ஆசிரியரிடமும் எழுதி வாங்கி வரச் சொல்கிறார்.

மதிப்பீட்டில் என்ன நடக்கும்?

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான் முடிவுக்கு வருவார்கள். முதலில் காது கேட்கிறதா என்று பெரா சோதனை செய்வார்கள். கேட்காததால் பேசாத பிள்ளையை ஆட்டிசம் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா? தைராய்டு, வலிப்பு, பார்வை ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

பிறகு உளவியல் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர் என்று ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் ஐசா என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் 40 கேள்விகள். மொத்த மதிப்பெண் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. அதற்கு மேல் போகப் போகத் தீவிரம் கூடுகிறது என்று பொருள்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது மூன்று பொருள்களைக் கொண்டு போங்கள். பிரசவ மருத்துவமனைக் காகிதங்கள், தடுப்பூசி அட்டை, வீட்டில் பிள்ளை இயல்பாக இருக்கும்போது எடுத்த சில நிமிட வீடியோ. புது இடத்தில் பிள்ளை மிரண்டு அழுதுகொண்டே இருக்கும், மருத்துவர் எதையும் பார்க்க முடியாது. அப்போது அந்த வீடியோ உதவும். அறிக்கை கையில் வந்ததும், "எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அறிக்கையின் முக்கியமான பயன் அதுதான்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. "டெய்க் எங்கே?" என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்கு உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. மதிப்பீடு, பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

சான்றிதழை மறைத்தால் யாருக்கு நட்டம்?

மதிப்பீடு வரை வரும் குடும்பங்களில் பல, சான்றிதழ் என்றதும் நின்றுவிடுகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும். "மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். தம்பிக்கு இப்படி என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்." இதைச் சொல்லும் பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நம் சமுதாயம் எப்படிப் பேசும் என்பது தெரிந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன், சம்பந்தம் பேசப் போகும் வீட்டில் நாம் என்னென்ன விசாரிக்கிறோம் என்பதை யோசித்துப் பார்ப்போம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், மறைப்பதன் நட்டம் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு மூன்றும் அதில் இருக்கின்றன. ஏடிஹெச்டி தனியாக அதில் இல்லை. ஆனால் அதனுடன் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பது சாதாரணம், ஆகவே அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் தெரபிச் செலவும் கிடைக்கும். பழைய வரி முறையில் வருமான வரி கட்டும் பெற்றோருக்குக் கழிவு உண்டு. கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்கு அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் கேட்டுப் பெறலாம். இவை எல்லாவற்றுக்கும் வாசற்படி அந்த ஒரு சான்றிதழும், அதை வைத்து வாங்கும் யூடிஐடி அட்டையும்தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சிறு வயதில் தரப்படுவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். அதில் புதுப்பிக்க வேண்டிய தேதி இருக்கும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு அங்கே எடுத்த அறிக்கைகள் கத்தை கத்தையாக இருக்கும், இங்கே ஒரு சான்றிதழும் இருக்காது. வந்த விடுமுறையிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம், மதரஸா, ரமளான்

அடுத்தது அன்றாட வாழ்க்கை. இந்தப் பிள்ளைகள் பலருக்கு நாள் ஒரே ஒழுங்கில் போக வேண்டும். நம் வீடுகளில் அந்த ஒழுங்கு மொத்தமாக மாறுவது ரமளானில். சாப்பாட்டு நேரம் மாறுகிறது, தூக்கம் மாறுகிறது, வீட்டில் எல்லோரும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஷஃபான் மாதத்திலேயே பிள்ளைக்குச் சொல்லத் தொடங்குங்கள். படம் வரைந்து ஒட்டிக் காட்டுங்கள். நோன்பில்லாத பிள்ளைக்கு அவன் வழக்கமான நேரத்திலேயே சாப்பாடு கொடுங்கள். முக்கியமாக ஒன்று: ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் வலிப்பும் சேர்ந்து இருப்பவர்கள் அதிகம். வலிப்பு மாத்திரையை நோன்புக்காக நிறுத்தவே கூடாது. நேரத்தை மாற்ற முடியுமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவர் மீதும், நோயால் இயலாதவர் மீதும் மார்க்கம் என்ன சுமத்துகிறது, எதைத் தளர்த்துகிறது என்பதை உங்கள் ஆலிமிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல தாய்மார்கள் இல்லாத கடமையை நினைத்து அழுகிறார்கள்.

மதரஸா உஸ்தாதுகளுக்கு என் வேண்டுகோள். ஒரு மணி நேரம் உட்கார முடியாத பிள்ளை பதினைந்து நிமிடம் உட்காருவான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரம், மின்விசிறிச் சத்தம் குறைந்த இடம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள். பார்த்து எழுதத் தெரியாதவன் கேட்டு மனப்பாடம் செய்வதில் வல்லவனாக இருக்கலாம். அடி மட்டும் வேண்டாம். அவன் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை, முடியவில்லை என்று சொல்கிறான்.

பதினெட்டு வயது

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு செய்திக்கு வருகிறேன். பிள்ளைக்கு 18 வயது முடிந்த அன்று, சட்டத்தின் கண்ணில் அவர் தனி மனிதர். அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. வங்கிக் கணக்கு, அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், சொத்துப் பத்திரம் என்று எதுவானாலும் அங்கே சிக்கல் வரும்.

இதற்கென்று 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் அதில் வருகின்றன. 18 வயது முடிந்ததும் பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ சட்டப்படியான காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு விசாரித்து நியமிக்கும். இதற்காக நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழை ஏற்றுக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

காப்பாளர் ஆவது ஒரு பொறுப்பு. நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பிள்ளையின் பணத்தை வேறு யாரும் எடுத்துச் செலவழித்துவிடாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் காப்பாளர் வேண்டும் என்பதில்லை. தன் பணத்தைத் தானே கையாளத் தெரிந்தவரும், வேலைக்குப் போகிறவரும் இருக்கிறார்கள். அவர்களுடைய முடிவை அவர்களே எடுக்கட்டும். எந்த விஷயத்தில் உதவி வேண்டும், எந்த விஷயத்தில் வேண்டாம் என்பதை அறியவே 18 வயதில் மறுபடியும் ஒரு மதிப்பீடு தேவைப்படுகிறது.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சும் இந்த வயதில்தான் கிளம்பும். நிக்காஹ் மருந்து கிடையாது. நிலையை மறைத்து முடித்து வைத்தால் இரண்டு குடும்பங்கள் அழும். திருமண வாழ்க்கையைப் புரிந்து, விரும்பி, நடத்தக்கூடியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எதிர்த் தரப்புக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் செய்ய வேண்டும்.

சொத்தும் பொறுப்பும்

கடைசியாக, நமக்குப் பின் என்ற கேள்வி. குறைபாடு இருக்கிறது என்பதால் ஒரு பிள்ளையின் வாரிசுப் பங்கு ஒரு காசுகூடக் குறையாது. மற்ற பிள்ளைகள் "அவனுக்கு எதற்கு?" என்று கேட்டுப் பங்கை எழுதி வாங்கிக்கொள்வது அநியாயம். அதேசமயம், அவனுக்குக் கூடுதலாக வேண்டும் என்று நினைத்து எழுதி வைக்கும் வஸிய்யத் பல நேரம் செல்லாமல் போகிறது. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்ய முடியாது. வாரிசாக வரும் ஒருவருக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஆகையால் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுப்பதா, அறக்கட்டளையாக அமைப்பதா என்பதை ஆலிமையும் வழக்கறிஞரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். மற்ற பிள்ளைகளையும் அழைத்து வைத்தே பேசுங்கள். அரசுப் பணியில் இருந்தவர்கள் அலுவலக ஆவணங்களில் இந்தப் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பதிந்து வைத்தால், பிற்காலத்தில் வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழி இருக்கும்.

பணத்தைவிட முந்தி எழுத வேண்டியது ஒரு நோட்டு. பிள்ளை எதைச் சாப்பிடும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், கோபம் வந்தால் எப்படி அடங்கும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, வயிறு வலித்தால் அதை எப்படிக் காட்டும் என்பதெல்லாம் இப்போது ஒரு தாயின் மனதில் மட்டும் இருக்கிறது. வாப்பா சவூதியில் இருக்கிறார், அவருக்கே பாதி தெரியாது. அந்தத் தாய் இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்தால் அந்த வீடு என்ன ஆகும்? இன்றிரவே எழுதத் தொடங்குங்கள்.

கூடப் பிறந்தவர்களிடம் "நீதான் பார்த்துக்கணும்" என்று சத்தியம் வாங்காதீர்கள். அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. ஒருவர் பணக் கணக்கு, ஒருவர் மருத்துவம், ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பது என்று பிரித்துக் கொடுங்கள். அதைவிட முக்கியம், பிள்ளைக்குத் தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொடுப்பது. பல் துலக்குவது, உடை மாற்றுவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது. இருபது வயதில் தானே குளிக்கத் தெரிந்தவரைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் முன்வருவார்கள்.

ஜமாஅத்துக்கு ஒரு வார்த்தை

இங்கே அமர்ந்திருக்கும் நிர்வாகிகளிடம் பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நான்கு சிறிய காரியங்கள். சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு பள்ளிவாசல் வளாகத்தில் உட்காரட்டும். மருத்துவமனைக்குத் தனியாகப் போகும் தாய்க்குத் துணைக்கு ஒரு பெண் போகட்டும், தேவைப்பட்டால் ஆட்டோ வாடகை பைத்துல்மாலில் இருந்து போகட்டும். தொழுகையில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால் ஸலாம் கொடுத்ததும் திரும்பி முறைக்காமல் இருக்கட்டும். மஹல்லாவில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்ற கணக்கு, யாரையும் கூசச் செய்யாமல், ஜமாஅத்திடம் இருக்கட்டும்.

தாயும் தகப்பனும் போன பிறகு அந்தப் பிள்ளை இதே தெருவில்தான் நடக்கப் போகிறான். இதே கடையில்தான் தேநீர் கேட்கப் போகிறான். அவன் பெயரை இன்றைக்கே நாலு பேர் தெரிந்து வைத்திருந்தால், அவன் பெற்றோர் இன்றிரவு கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்கள். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகள் அனைவர் மீதும் கருணை புரிவானாக.